குறிப்பேடு சிகிச்சை ஆகாது

சற்று நீண்ட பதிவு. உளவியல் துறை நண்பர்கள் சிலருக்கு இது கசக்கும். அந்தக் கசப்பில் எனக்கும் பங்குண்டு; அதைப் பதிவின் நடுவில் சொல்கிறேன்.

சில மாதங்களுக்கு முன் எங்கள் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர்களுக்கென மனச்சோர்வு குறித்த அரைநாள் பயிலரங்கு நடந்தது. தமிழகத்துக்கு வெளியே உள்ள ஒரு பல்கலைக்கழகம் என்பதற்கு மேல் அதன் அடையாளம் இங்குத் தேவையில்லை. பெயரை மாற்றினால் நாட்டின் பாதி வளாகங்களுக்கு இக்கதை பொருந்தும். வந்தவர்கள் ஏறத்தாழ நூற்று நாற்பது பேர். ஒவ்வொருவருக்கும் பல்கலைக்கழக இலச்சினையும் சிரிக்கும் சூரியனும் அச்சிட்ட குறிப்பேடு ஒன்று வழங்கப்பட்டது. இரவு உறங்குமுன் அன்று நடந்த மூன்று நல்லவற்றை அதில் எழுத வேண்டும். இணையத்தில் ஒரு தேர்வு எழுதித் தத்தம் குணவலிமைகளை அறிந்துகொள்ள வேண்டும். நெறியாளருக்கு ஒரு நன்றிக் கடிதம் எழுத வேண்டும். ‘மருந்தில்லாமல் மனச்சோர்வை வெல்ல அறிவியல் மெய்ப்பித்த வழிகள்’ என்று பயிற்றுநர் மூன்று முறை சொன்னார், எண்ணிக்கொண்டிருந்தேன். பிறகு குழுப் புகைப்படம், தேநீர், மின்சான்றிதழ்.

எட்டாம் நாள் இரவு பதினொரு மணிக்கு என் அறைக் கதவு தட்டப்பட்டது. இரண்டாம் ஆண்டு ஆய்வு மாணவி, கேரளத்துப் பெண். கையில் அந்தக் குறிப்பேடு. “சேச்சி, எனக்கு மூன்று வரவில்லை. ஒன்றுகூட வரவில்லை. பக்கத்து அறையில் எல்லோரும் எழுதுகிறார்கள். என்னிடம்தான் ஏதோ கோளாறு” என்றாள். ஏழு நாள்களுக்குரிய பக்கங்களில் தேதி மட்டும் அழகாக எழுதப்பட்டிருந்தது.

உட்காரவைத்துப் பேசினேன். ஆறு வாரங்களாக விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. உணவகத்துக்குப் போவது அநேகமாக நின்றுவிட்டது. ஆய்வகத்துக்குப் போய்ப் பதினெட்டு நாள்கள் ஆகின்றன. மாதம் 8,000 ரூபாய் உதவித்தொகை நான்கு மாதமாக வரவில்லை. பிஎச்கியூ-9 என்னும் ஒன்பது கேள்விப் படிவத்தை அவளோடு சேர்ந்து நிரப்பினேன். 27க்கு 19. வாழ வேண்டாம் என்னும் எண்ணத்தைப் பற்றிய ஒன்பதாவது கேள்விக்கு அவள் பூச்சியம் போடவில்லை. அன்றிரவு அவளைத் தனியே விடவில்லை. மறுநாள் காலை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் சென்றேன். இதை எழுத அவள் இசைந்தாள். பதிவிடுமுன் படித்தும் பார்த்தாள்.

அந்தப் படிவம் இலவசமானது. நிரப்பச் சில நிமிடங்களே ஆகும். மனச்சோர்வை வெல்லக் கற்பித்த அரங்கில் ஒருவரிடமும் அது தரப்படவில்லை. யாருக்கு மனச்சோர்வு இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று கேளாமலே நூற்று நாற்பது பேருக்கும் ஒரே சிகிச்சை எழுதிக் கொடுக்கப்பட்டது. இருமுகிறவர், இருமாதவர், காசநோயாளி என்று பாராமல் எல்லோருக்கும் ஒரு கரண்டி பாகு ஊற்றும் மருத்துவரை நாம் என்னவென்று அழைப்போம்?

நேர்மறை உளவியலை நான் பகைக்கவில்லை. அது பிறந்த காரணம் நியாயமானது. விலங்குகள் மீது தவிர்க்க முடியாத வலியைச் செலுத்தி, அவை எவ்வாறு முயற்சியைக் கைவிடக் ‘கற்றுக்கொள்கின்றன’ என்று 1960களில் ஆராய்ந்தவர் மார்ட்டின் செலிக்மன். அவரே 1998இல் அமெரிக்க உளவியல் கழகத்தின் தலைவராக இருந்தபோது, நோயை மட்டுமே பார்க்கும் உளவியல் மனிதரின் பாதியைத்தான் பார்க்கிறது என்றார். நோயாளிக்குக் குறைகள் மட்டும் இல்லை, வலிமைகளும் உண்டு. சிகிச்சை அவற்றையும் பயன்படுத்த வேண்டும் என்பதை மறுக்க யாருக்கும் காரணம் இல்லை. என் வழக்கு அந்தக் கொள்கையின் மீதன்று. அதன் ஆய்வுகளை மேற்கோள் காட்டிக்கொண்டே அவ்வாய்வுகள் சொல்வதற்கு நேரெதிராக நடக்கும் நிறுவனங்களின் மீதும், அதற்குத் துணைபோகும் நம் துறையின் மீதும்.

பயிற்றுநர் திரையில் காட்டிய 2005ஆம் ஆண்டுக் கட்டுரையையே எடுத்துக்கொள்வோம். செலிக்மனும் மூவரும் எழுதியது. 577 பேர் பங்கேற்ற இணையவழிச் சோதனை. ஐந்து பயிற்சிகள், ஒரு மருந்துப்போலிப் பயிற்சி. மூன்று நல்லவற்றை எழுதுவதும், தன் வலிமையைப் புதிய வழியில் பயன்படுத்துவதும் ஆறு மாதம் வரை மகிழ்ச்சியைக் கூட்டின, மனச்சோர்வு அறிகுறிகளைக் குறைத்தன. நன்றிக் கடிதத்தின் பலன் ஒரு மாதம் நின்றது, பிறகு கரைந்தது. நல்ல ஆய்வு, மாணவர்களுக்கு நானே பாடமாக நடத்தியிருக்கிறேன். ஆனால் அந்த 577 பேர் யார்? மகிழ்ச்சியைத் தேடிச் செலிக்மனின் இணையத்தளத்துக்குத் தாமாக வந்தவர்கள். பெரும்பாலோர் வெள்ளையர். சராசரியாக அவர்களிடம் இருந்தது இலேசான சோர்வு. படுக்கையிலிருந்து எழ முடியாத ஒருவர் அத்தளத்தைத் தேடிப் பதிவு செய்து ஆறு மாதம் படிவம் நிரப்பிக்கொண்டிருக்க மாட்டார். இன்னொன்றும் உண்டு. அச்சோதனையில் மூன்று நிகழ்வுகளோடு ஒவ்வொன்றும் ஏன் நிகழ்ந்தது என்பதையும் எழுதச் சொன்னார்கள். எங்கள் குறிப்பேட்டில் அந்த ‘ஏன்’ என்பதற்கு இடமே இல்லை; 1, 2, 3 என்று மூன்று கோடுகள் மட்டுமே.

அதே பயிற்சிகள் மருத்துவ அளவிலான மனச்சோர்வு உடையோருக்கு அளிக்கப்பட்டபோது என்ன நடந்தது? 2006இல் செலிக்மன், ரஷீத், பார்க்ஸ் மூவரும் ‘நேர்மறை உளச்சிகிச்சை’ என்னும் பெயரில் அதைச் சோதித்தார்கள். முடிவுகள் நம்பிக்கையூட்டின. அங்கே சிகிச்சை பெற்றவர்களுக்கு எதிரில் பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் ஒருவர் அமர்ந்திருந்தார். முதல் அமர்விலிருந்து நோயாளியின் கதையைக் கேட்டார். துயரத்தைப் பேச இடம் கொடுத்தார். 2017இல் மாட்ரிட் நகரில் மனச்சோர்வு உற்ற 96 பெண்களிடம் நடந்த ஒப்பீட்டில், குழுவாக அளிக்கப்பட்ட நேர்மறை உளவியல் சிகிச்சைக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. இதுவும் நேர்மறை உளவியலுக்குச் சாதகமான செய்தியே, மறைக்க மாட்டேன். அங்கும் சிகிச்சையாளர் இருந்தார், நோயறிதல் இருந்தது, வாரந்தோறும் அமர்வு இருந்தது.

இனி, நாம் அனைவரும் மேற்கோள் காட்டுகிற, முழுதாகச் சிலரே படித்திருக்கிற தொகுப்பாய்வுக்கு வருவோம். 2009இல் சின், லியுபோமிர்ஸ்கி இருவரும் 51 பயிற்சிமுறைகளைத் திரட்டி ஆராய்ந்தார்கள். ‘நேர்மறைப் பயிற்சிகள் மனச்சோர்வைக் குறைக்கின்றன’ என்னும் வரி அங்கிருந்துதான் எடுக்கப்படுகிறது. அதே கட்டுரையில் இன்னொரு முடிவும் இருக்கிறது: ஒருவருக்கு ஒருவராக அளிக்கும்போது பலன் மிகுதி, குழுவில் அதைவிடக் குறைவு, தானே செய்துகொள்ளும்போது எல்லாவற்றிலும் குறைவு. பொலியரும் சகாக்களும் 2013இல் 39 ஆய்வுகளில் 6,139 பேரைத் தொகுத்தபோது மனச்சோர்வின் மீதான விளைவளவு 0.23 என வந்தது. புள்ளியியல் அறியாத நண்பர்களுக்காகச் சொல்கிறேன்: பயிற்சி பெற்ற 100 பேரில் ஏறத்தாழ 59 பேர், பயிற்சி பெறாதோரின் சராசரியைவிடத் தேறியிருப்பர், பயிற்சியே இல்லாவிட்டாலும் 50 பேர் அவ்வாறு இருந்திருப்பர். பிறகு 2019இல் வைட், உட்டில், ஹோல்டர் மூவரும் இவ்விரு தொகுப்பாய்வுகளையும் மீண்டும் கணக்கிட்டு, சிறு மாதிரி ஆய்வுகளால் வந்த மிகைப்பைக் கழித்தபோது, முன்பு சொல்லப்பட்ட பலன் மேலும் சுருங்கியது. நன்றியுணர்வுப் பயிற்சிகளை மட்டும் எடுத்து 27 ஆய்வுகளை ஆராய்ந்த கிரெக், சீவன்ஸ் இருவரும் 2021இல் வெளிப்படையாகவே எழுதினார்கள்: மனச்சோர்வு, பதற்றம் ஆகியவற்றைக் குறைத்துக்கொள்ள விரும்புவோர் இதைவிட வலுவான சான்றுடைய சிகிச்சைகளை நாடுக.

வரிசை தெளிவாக இருக்கிறது. ஆள் இருக்கும்போது பலன் இருக்கிறது. ஆள் விலக விலகப் பலன் தேய்கிறது. நம் நிறுவனங்கள் அந்த வரிசையின் கடைசிப் படியைத் தேர்ந்தெடுத்து, முதற்படியின் பலனை விளம்பரம் செய்கின்றன. காரணம் அறிவியல் ஆகாது. குறிப்பேட்டுக்கு ஊதியம் தர வேண்டியதில்லை. பணியிடம் உருவாக்க வேண்டியதில்லை.

“பலன் குறைவாக இருக்கலாம், தீங்கு இல்லையே” என்று பேராசிரியர் ஒருவர் கேட்டார். தீங்கு உண்டு. தாழ்ந்த தன்மதிப்பு உடையோரை ‘நான் அன்புக்குரியவன்’ என்று திரும்பத் திரும்பச் சொல்லவைத்தபோது அவர்கள் மேலும் தாழ்வாக உணர்ந்ததை ஜோன் வுட்டும் சகாக்களும் 2009இல் காட்டினார்கள். 2011இல் செர்ஜன்ட், மோங்ரெய்ன் இருவரும் செய்த ஆய்வில், தம்மைத் தாமே கடிந்துகொள்ளும் இயல்பினருக்கு நன்றியுணர்வுப் பயிற்சி உதவியது. பிறரது ஆதரவையே சார்ந்திருக்கும் இயல்பினருக்கு அதே பயிற்சியால் தன்மதிப்பு குறைந்தது. ஒரே குறிப்பேடு, இரு வேறு மனிதர்கள், இரு வேறு விளைவுகள். யார் எந்த வகையினர் என்று கேட்க அரங்கில் எவரும் இல்லை.

அந்தப் பெண்ணுக்கு மூன்று ஏன் வரவில்லை என்பதற்கும் நம் துறையில் விடை உண்டு. 1986இல் வில்லியம்ஸ், பிராட்பென்ட் தொடங்கிவைத்த நினைவாற்றல் ஆய்வுகள் நாற்பது ஆண்டுகளாகச் சொல்லி வருவது இது: மனச்சோர்வு உற்றவரால் தம் வாழ்வின் குறிப்பான நிகழ்வுகளை, சிறப்பாக நல்ல நிகழ்வுகளை, எளிதில் மீட்டெடுக்க இயலாது. நினைவு பொத்தாம்பொதுவாகவே வரும்: ‘பள்ளிக்காலம் நன்றாக இருந்தது’ என்பது போல. எனவே ‘இன்று நடந்த மூன்று நல்லவற்றைக் குறிப்பாக எழுது’ என்பது, நலமுள்ளவருக்குப் பயிற்சி. கடும் மனச்சோர்வில் இருப்பவருக்குக் கால் முறிந்தவரிடம் வைக்கும் ஓட்டத் தேர்வு. அவர் தோற்கிறார். தோல்வியை நோயின் அறிகுறி என்று எடுத்துச்சொல்ல அருகில் யாரும் இல்லாததால், தன் குணக்குறை என்று எடுத்துக்கொள்கிறார். மனச்சோர்வு ஏற்கெனவே அவர் காதில் சொல்லிக்கொண்டிருப்பதும் அதுவே.

இப்போது என் பங்குக்கு வருகிறேன். முதுகலை ஆய்வேட்டுக்காக நான் செய்ததும் நன்றியுணர்வுக் குறிப்பேடுதான். நாற்பத்திரண்டு மாணவர்கள், இரண்டு வாரங்கள், முன்னும் பின்னும் பெக் மனச்சோர்வு அளவுகோல். கட்டுப்பாட்டுக் குழு இல்லை. தொடக்கத்திலேயே மிக உயர்ந்த மதிப்பெண் பெற்ற நால்வரை நெறிமுறைக் காரணம் காட்டி விலக்கினேன். வளாக ஆலோசகரின் தொலைபேசி எண்ணைக் கொடுத்தேன். எஞ்சியவர்களின் சராசரி சற்றுக் குறைந்தது. இரண்டாம் முறை அளந்தால் உயர்ந்த மதிப்பெண்கள் தாமாகவே சராசரியை நோக்கி இறங்கும் என்பது இளங்கலை மாணவருக்கும் தெரிந்த பாடம். ஆயினும் தலைப்பில் ‘மனச்சோர்வைக் குறைப்பதில் நன்றியுணர்வின் பங்கு’ என்று எழுதினேன். உண்மையில் மனச்சோர்வு இருந்த நால்வரையும் வெளியே அனுப்பிவிட்டு எழுதிய தலைப்பு அது. ஓர் ஆய்விதழ் அதை வெளியிட்டது. இன்றும் யாரேனும் மேற்கோள் காட்டிய அறிவிப்பு வரும்போது வயிற்றில் ஏதோ புரள்கிறது. இத்தகைய கட்டுரைகள் நம் நாட்டில் எத்தனை வருகின்றன என்று துறை நண்பர்களுக்குத் தெரியும். பயிற்றுநரின் திரையில் ‘அறிவியல் மெய்ப்பித்த’ என்னும் சொல் அமர நாற்காலி போட்டுக் கொடுத்தவர்கள் நாமே.

நன்றிக் கடிதம் பற்றியும் ஒரு சொல். நன்றி யாருக்கு? மேற்கத்திய ஆய்வுகளில் பங்கேற்றவர் தம் வாழ்வில் உதவிய, முறையாக நன்றி சொல்ல வாய்க்காத எவரையும் தேர்ந்தெடுக்கலாம். எங்கள் அரங்கில் நெறியாளர் என்று முன்கூட்டியே முடிவு செய்யப்பட்டது. அறிக்கையில் கையொப்பம் கிடைக்காமல் எட்டு மாதமாக அலையும் ஒருவர் எனக்கு இரண்டு வரிசை முன்னால் அமர்ந்து அக்கடிதத்தை எழுதிக்கொண்டிருந்தார். அதிகாரப் படிநிலையில் கீழே இருப்பவரிடம் கட்டளையிட்டு வாங்கும் நன்றிக்கு உளவியலில் வேறு பெயர் இருக்கிறது. ஐஐடி தில்லியில் இரண்டு மாணவர்கள் இறந்தது தொடர்பான வழக்கில்தான் 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதி ரவீந்திர பட் தலைமையில் மாணவர் மனநலத்துக்கான தேசியப் பணிக்குழுவை அமைத்தது. அம்மாணவர்களின் பெற்றோர் நீதிமன்றத்தில் சொன்னது சாதிப் பாகுபாட்டைப் பற்றி. அதற்கு எத்தனை பக்கக் குறிப்பேடு வேண்டும் என்று யாராவது கணக்கிட்டுச் சொல்லலாம்.

எதிர்வாதங்களில் வலுவானது ஒன்றே. அதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். நிம்ஹான்ஸ் நடத்திய 2015–16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி மனச்சோர்வு உடையோரில் ஏறத்தாழ 85 விழுக்காட்டினருக்குச் சிகிச்சை எட்டவில்லை. லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லாத நாடு இது. இங்கே, ஆளைக் கொண்டுவா என்பது வசதியுள்ளவர் பேச்சு ஆகாதா? ஒன்றும் இல்லாததற்குக் குறிப்பேடு மேல் அல்லவா?

இதற்கு விடை வெளிநாட்டில் இல்லை, கோவாவில் இருக்கிறது. விக்ரம் படேலும் சகாக்களும் அங்கு 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில் 495 பேரிடம் நடத்திய சோதனை 2017இல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்தது. பங்கேற்றவர்கள் இலேசான சோர்வு உடையவர்கள் அல்லர். பிஎச்கியூ-9 மதிப்பெண் 14க்கு மேல் இருந்தவர்கள். அளிக்கப்பட்டது நடத்தைச் செயலூக்கத்தை அடிப்படையாகக் கொண்ட சிகிச்சை: கைவிட்ட செயல்களை, மகிழ்ச்சி தருபவற்றை, சிறிது சிறிதாக வாழ்வுக்குள் திரும்பக் கொண்டுவருதல், கூடவே சிக்கல்களைத் தீர்க்கும் வழிகள். நேர்மறைப் பயிற்சிகளுக்குப் பக்கத்து வீடு என்றே இதைச் சொல்லலாம். அளித்தவர்கள் மனநல மருத்துவர்களும் இல்லை, உளவியல் பட்டதாரிகளும் இல்லை. பயிற்சியும் தொடர் மேற்பார்வையும் பெற்ற உள்ளூர்க்காரர்கள். ஆறு முதல் எட்டு அமர்வுகள். வர முடியாதவர்களின் வீட்டுக்கே சென்றார்கள். மூன்று மாத முடிவில் அச்சிகிச்சை பெற்றவர்களில் 64 விழுக்காட்டினர் நோயறிகுறி நீங்கியிருந்தனர். வழக்கமான, சற்று மேம்படுத்திய கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39 விழுக்காட்டினர். தற்கொலை எண்ணங்கள் குறைந்தன. பெண்கள் மீது துணைவர் செலுத்தும் உடல்வன்முறைகூடக் குறைந்தது.

ஆள் பற்றாக்குறை கோவாவிலும் இருந்தது. அங்கு அவர்கள் ஆளை விலக்கிவிட்டுத் தாளை நீட்டவில்லை. வேறோர் ஆளைப் பயிற்றுவித்தார்கள். ஒரு பல்கலைக்கழகத்தில் உளவியல், சமூகப்பணித் துறைகள் இருக்கின்றன. மேற்பார்வையிடப் பேராசிரியர்கள் இருக்கிறார்கள். பயிற்சி பெற ஆர்வமுள்ள மாணவர்கள் இருக்கிறார்கள். நம்மால் முடியாது என்பதை நான் ஏற்க மாட்டேன். மத்தியப் பிரதேசத்தில் 2016இல் மகிழ்ச்சிக்கென்றே ஒரு துறை தொடங்க நம் ஆட்சியாளர்களால் முடிந்தது. நாலாயிரம் பேர் பயிலும் வளாகத்துக்கு இரண்டாவது ஆலோசகரை நியமிக்க முடியாதா? (எங்களுக்கு இருப்பவர் ஒருவர், ஒப்பந்த ஊழியர், வாரத்தில் மூன்று நாள்.)

அந்தப் பெண் இப்போது சிகிச்சையின் பதினோராவது வாரத்தில் இருக்கிறாள். மருந்து உட்கொள்கிறாள், வாரம் ஒருமுறை அரசு மருத்துவமனையின் உளவியலாளரைப் பார்க்கிறாள். முதல் ஐந்து அமர்வுகளில் அவர் நல்லவை எதையும் எழுதச் சொல்லவில்லை. தூக்கத்தையும் உணவையும் உதவித்தொகையையும் பற்றித்தான் பேசினார்களாம். ஆறாம் அமர்வில் சொன்னார்: நாளுக்கு ஒன்று, ஏன் நடந்தது என்பதையும் சேர்த்து. வராவிட்டால் வெறுந்தாளோடு வா, சேர்ந்து தேடுவோம். அவள் எழுதிய முதல் பதிவை எனக்குக் காட்டினாள். ‘உணவகத்து அண்ணன் எனக்காகக் கஞ்சி எடுத்து வைத்திருந்தார். ஏன்: இரண்டு நாள் நான் வராததைக் கவனித்திருக்கிறார்.’ அதே சூரியன் சிரிக்கும் குறிப்பேடுதான். உதவித்தொகை மட்டும் இன்னும் வரவில்லை.

நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் கொடுத்திருக்கிறேன். இருபத்தாறு ஆய்வு மாணவர்கள் கையொப்பமிட்டிருக்கிறார்கள். மனநலப் பயிலரங்கு எதுவாயினும் முதலில் அறிகுறிகளைக் கண்டறியும் படிவம் கொடுக்கப்பட வேண்டும். உயர்ந்த மதிப்பெண் பெறுவோரை அன்றே சந்திக்க ஆள் இருக்க வேண்டும். ஆலோசகர் பணியிடம் நிரந்தரமாக்கப்பட வேண்டும். துறை மாணவர்களுக்குக் கோவா முறையில் மேற்பார்வையோடு பயிற்சி தர வேண்டும். உதவித்தொகை மாதத்தின் முதல் வாரத்தில் வர வேண்டும். கடைசிக் கோரிக்கை மனநலத்துக்குத் தொடர்பற்றது என்று கூறி அடித்துவிடச் சொன்னார்கள். அடிக்கவில்லை.

நேற்று பதில் வந்தது. கடிதம் உரிய குழுவின் பார்வைக்கு அனுப்பப்பட்டிருக்கிறதாம். அக்டோபர் 10, உலக மனநல நாளன்று அடுத்த பயிலரங்கு நடக்கும், அனைவரும் தவறாமல் வர வேண்டும், வருகைப்பதிவு உண்டு.

இதைப் படிப்பவர்களில் யாருக்கேனும் அந்த மூன்று கோடுகள் வெறுமையாக இருந்தால், அது உங்கள் குணக்குறை இல்லை. 14416 என்பது டெலி-மானஸ் எண். இலவசம், இரவிலும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம். என் உள்பெட்டியும் திறந்தே இருக்கிறது. கடிதத்தின் படி வேண்டுவோர் கேளுங்கள், அனுப்புகிறேன்; உங்கள் வளாகத்தின் பெயரை இட்டு அப்படியே கொடுக்கலாம்.